ஹட்டன் நூலகம் தேசிய நூலகத்தின் கிளையா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கவிதைத் தொகுப்பு அச்சிடப் போவதாகவும், தேசிய நூலகத்துக்கு எதற்குப் பிரதி, நம்ம ஊர் நூலகம் அதன் கிளைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கிளை இல்லை. ஊர் நூலகங்களை நடத்துவது நகர சபையும் பிரதேச சபையும்தான். தேசிய நூலகம் 1990இல் கொழும்பில் திறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அதை நிர்வகிக்கிறது.

வீட்டுக்கு இரவல் எடுக்க அல்ல, நாட்டில் வெளியாகும் நூல்களைச் சேர்த்துப் பாதுகாக்கவும் தேசிய நூற்பட்டியலில் பதியவும்தான் அது இருக்கிறது. நமக்கு இது சின்ன விஷயமில்லை. தேயிலைத் தோட்டங்களில் வந்த எத்தனையோ துண்டுப் பிரசுரங்களும் பாடசாலை மலர்களும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒழுகும் கூரைக்கடியில் கரைந்தே போயின. பட்டியலில் ஏறாத நூலை நாளைய ஆய்வாளர் எங்கே போய்த் தேடுவார்? கட்டாயம் கொடுங்கள்.

நூலை அடையாளங்காட்டும் சர்வதேசத் தர எண்ணான ஐ.எஸ்.பி.என். தருவதும் தேசிய நூலகத்தை நிர்வகிக்கும் அதே சபைதான். அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பியுங்கள். அப்புறம், தேசிய சுவடிகள் கூடத்துக்குச் சட்டப்படி போகவேண்டிய பிரதிகளைப் பற்றி அச்சகத்தாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். நூலின் உள்பக்கத்தில் வெளியான ஊரையும் ஆண்டையும் தெளிவாகப் போடுங்கள்.