ஒரு கட்டையில் பாடியது இரண்டரைக் கட்டையில் கேட்கிறதா?

மல்லேஸ்வரத்தில் ஸ்பூல் டேப்பில் பதிந்த கச்சேரி, மும்பை ஸ்டூடியோவில் சுருதி ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு) ஏறி ஒலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டேப்பையோ பாடகரையோ சந்தேகப்பட வேண்டாம். மெஷின் அமெரிக்காவில் வாங்கியது என்றீர்களே, வினை அங்கேதான்.

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று அலைகிறது; இங்கே 50. பழைய மெஷின்கள் பலவற்றில் மோட்டாரின் வேகத்தை இந்த ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஆக, நொடிக்கு 15 அங்குலம் ஓட வேண்டிய டேப் 12.5 அங்குலமே ஓடியிருக்கிறது. அதே மெஷினில் திருப்பிக் கேட்டால் சுருதி சரியாக இருக்கும், அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. மும்பையில் 15-இல் ஓட்டியதும் ஒரு கட்டை இரண்டரையைத் தாண்டிவிட்டது. தாளமும் துரிதமாகியிருக்குமே, மிருதங்கக்காரர் சந்தோஷப்பட்டாரா?

பதிவு வீணாகவில்லை. உங்கள் மெஷினிலேயே ஓட்டி, வேகம் சரியாக உள்ள இன்னொரு டேப் மெஷினுக்கு நகலெடுங்கள். கொஞ்சம் இரைச்சல் கூடும், ஆனால் வேகத்தைத் திருத்த கம்ப்யூட்டர் நடுவில் வராது. அடுத்த கச்சேரிக்கு முன் 50 ஹெர்ட்ஸுக்கான கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் சுழல் தண்டு) உறையோ புல்லியோ கிடைக்கிறதா பாருங்கள். மோட்டார் கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். மாடல் எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம்.