பராமரிப்புப் பாக்கி: குழாயை மூடாதீர்கள், தேதியைப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தில் 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் 38 மாதமாகப் பராமரிப்புத் தொகை கட்டவில்லை. மாதம் 2,500 வீதம் 95,000 ரூபாய். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார். அந்த வீட்டுத் தண்ணீரை நிறுத்தலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: கூடாது. பாக்கி வைத்தவர் உரிமையாளர். தவிக்கப்போவது வாடகைக்கு இருப்பவர். குழாயை மூடினால், மறுநாள் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். லிஃப்டைத் தடுப்பதும் அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுத் திட்டினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி வகுத்துக் கொடுக்கிறீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது காலக்கெடுவைப் பற்றி. பணப் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான். அதை ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனியாக எண்ணுவார்கள். உங்கள் கணக்கில் முதல் 2 மாதம் ஏற்கெனவே போய்விட்டது; இனி மாதம் 2,500 கரைந்துகொண்டே போகும். நோட்டீஸ் அனுப்பியாயிற்றே என்று பல சங்கங்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகின்றன. நோட்டீஸால் காலக்கெடு நிற்காது. கெடு முடியுமுன் அவர் கையெழுத்திட்டு 'இவ்வளவு தர வேண்டும்' என்று எழுதித் தந்தால்தான் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

இடையில் எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் 5,000 ரூபாய் அனுப்பினால், அதைக் கெடு தாண்டிய அந்த 2 மாதத்துக்கு வரவு வைத்து, மாதத்தைக் குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஜிபே குறிப்பில் 'அக்டோபர் மெயின்டனன்ஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் அக்டோபருக்குத்தான் வைக்க வேண்டும்.

இந்த வாரமே மாதவாரிக் கணக்கை ஒரே தாளில் எடுங்கள். வழக்குத் தொடரச் செயலாளருக்கு அதிகாரம் தந்து செயற்குழுத் தீர்மானம் போடுங்கள். பிறகு 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ், உரிமையாளர் பெயருக்கு, அவர் இப்போது இருக்கும் முகவரிக்கு. 'இந்தத் தேதியிலிருந்து வட்டியும் கோருவோம்' என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் வராவிட்டால், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்கு அவரை அழைக்கலாம். கட்டணம் இல்லை, சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அவர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் முன்சீப் நீதிமன்றம் போங்கள். கெடு தாண்டிய 2 மாதம் போக மீதி 90,000 ரூபாய்க்கு 3 சதவீதம், 2,700 ரூபாய் நீதிமன்றக் கட்டணம்.

அங்கே எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது உங்கள் கணக்கை அல்ல, சங்கத்தின் தாள்களை. நிர்வாகிகள் மாறியதை ஏழாம் எண் படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்தீர்களா? இல்லையென்றால் 'நீங்கள் யார் கேட்க?' என்பதிலேயே பல வாய்தா போய்விடும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கூட்டுறவுப் பதிவாளரிடமே முறையிடும் வழி இருக்கிறது. 1975 சங்கச் சட்டத்தில் பதிவான உங்களைப் போன்றவர்கள் 2,500 ரூபாய்க்கும் உரிமையியல் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிற 23 குடும்பத்துக்கு இது அநியாயம்.

இந்த அலைச்சலைக் காட்டித்தான் 'வசூல் ஆலோசகர்கள்' வருவார்கள். கால் பங்கு கமிஷன் கேட்பார்கள், முன்பணமும் வாங்குவார்கள். செய்வதெல்லாம் வாடகைக்கு இருப்பவரை மிரட்டுவதுதான். அதற்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழும். சங்க லெட்டர்ஹெட்டையோ ரசீதுப் புத்தகத்தையோ அவர்கள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு நிலைமையில் வேறு மாதிரி நடக்க வேண்டும். அவர் வீட்டுக் கடன் கட்டாததால், வீட்டைக் கைப்பற்றியதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸை வங்கி கதவில் ஒட்டினால் அன்றே படம் எடுத்து வையுங்கள். அதிலேயே வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் விவரம் இருக்கும். அவருக்குக் கணக்குத் தாளோடு கடிதம் எழுதி, ஏல அறிவிப்பில் பாக்கியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வங்கி தன் பணத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், உங்களுக்குத் தராது. ஆனால் அறிவிப்பில் தொகை இருந்தால், ஏலம் எடுப்பவர் அதைக் கணக்கில் வைத்தே விலை கேட்பார். இல்லாவிட்டால் 'உள்ளது உள்ளபடி வாங்கினேன், பழைய பாக்கி எனக்குத் தெரியாது' என்பார். ஏலம் முடிந்து சாவி கைமாறிய பிறகு எழுதும் கடிதத்தை வங்கி ஃபைலில் போட்டுவிடும். ஏலத் தேதிக்கு முன்பே ஒப்புகை முத்திரையோடு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.