எண் குறுக்கெழுத்தில் ஒரு விடை தெரிய இன்னொரு விடை வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

கேட்கப்பட்டது இது: எண் குறுக்கெழுத்துப் புதிரில் (கட்டத்துக்கு ஓர் எழுத்துக்குப் பதில் ஓர் இலக்கம்) ஒரு குறிப்பு இன்னொரு விடையைக் கேட்கிறது, அந்த விடை மூன்றாவதைக் கேட்கிறது. கையில் ஒரு விடையும் இல்லாதபோது எங்கே தொடங்குவது?

நானும் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தில் பழகிவிட்டு இந்தப் பக்கம் வந்தவன்தான். சொல் புதிரில் ஒரு குறிப்பைப் படித்தால் ஒரு சொல் தோன்றும், எழுதிவிடலாம். அதே பழக்கத்தில் எண் புதிரைத் திறந்தால் முதல் குறிப்பே "ஒரு வர்க்க எண்" என்று இருக்கும். மூன்றிலக்க வர்க்க எண்கள் மொத்தம் 22. எதை எழுதுவது? முதல் சில மாதங்கள் பேனாவால் ஊகித்து எழுதி, அடித்து, தாளையே ஓட்டையாக்கியிருக்கிறேன்.

எனக்கு உதவிய வழி இதுதான்: முழு எண்ணைத் தேடாதீர்கள், இரண்டு எண்கள் சந்திக்கும் கட்டத்தை மட்டும் பாருங்கள். என் மகளுக்காக நான் போட்ட ஒரு குட்டிப் புதிரை வைத்துச் சொல்கிறேன்.

3×3 கட்டம், நடுக்கட்டம் கறுப்பு. ஆக, சட்டம் போட்ட மாதிரி சுற்றிலும் நான்கு மூன்றிலக்க எண்கள். எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது.

1 இடமிருந்து வலம் (மேல் வரிசை): ஒரு வர்க்க எண்.
1 மேலிருந்து கீழ் (இடது ஓரம்): மேல் வரிசையை விடப் பெரிய வர்க்க எண்.
2 மேலிருந்து கீழ் (வலது ஓரம்): கீழ் வரிசையின் மூன்று மடங்கு.
3 இடமிருந்து வலம் (கீழ் வரிசை): மேல் வரிசையின் இலக்கங்களைக் கூட்டி வரும் எண்ணால் மீதியின்றி வகுபடும்.

மேல் வரிசை தெரியாமல் கீழ் வரிசை இல்லை, கீழ் வரிசை தெரியாமல் வலது ஓரம் இல்லை. சரி, இருக்கட்டும். வலது ஓரத்துக் குறிப்பை எடுங்கள். கீழ் வரிசையும் வலது ஓரமும் ஒரே கட்டத்தில், வலது கீழ் மூலையில்தான் முடிகின்றன. அதாவது ஓர் எண்ணுக்கும் அதன் மூன்று மடங்குக்கும் கடைசி இலக்கம் ஒன்று. 1 என்றால் 3 ஆகிவிடும், 2 என்றால் 6, 4 என்றால் 2. மாறாமல் நிற்பவை 0, 5 இரண்டும்தான். ஒரு விடையும் தெரியாது, ஆனால் ஒரு மூலைக்கு இரண்டே இலக்கம் என்று ஆகிவிட்டது. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடியாக 0, 5 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதே குறிப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. மூன்று மடங்கும் மூன்றிலக்கம்தான் என்றால் கீழ் வரிசை 333-ஐத் தாண்டாது. எனவே அதன் முதல் இலக்கம் 1, 2 அல்லது 3. அந்தக் கட்டத்தில்தான் இடது ஓரத்து வர்க்க எண் முடிகிறது. வர்க்க எண் எதுவும் 2, 3, 7, 8 இவற்றில் முடியாது. ஆக, அங்கே 1. முதல் இலக்கத்தைப் பேனாவாலேயே எழுதலாம்.

இனி மளமளவென்று விழும். கீழ் வரிசை நூற்றுச் சொச்சம், அதன் மூன்று மடங்கு 300-இல் இருந்து 585-க்குள். எனவே வலது மேல் மூலை 3, 4, 5. மேல் வரிசை அங்கே முடிகிற வர்க்க எண் என்பதால் 3 போய்விடும். 1-இல் முடியும் மூன்றிலக்க வர்க்கங்கள் 121, 361, 441, 841, 961. மேல் வரிசையும் இடது ஓரமும் ஒரே இலக்கத்தில் தொடங்க வேண்டும். 5-இல் முடிபவை 225, 625 மட்டும்தான், அவற்றுக்கு ஜோடி இல்லை. 4-இல் முடிபவற்றில் 784-க்கும் ஜோடி இல்லை. மிஞ்சுவது 144-121, 324-361, 484-441. இடது ஓரம் பெரியது என்பதால் 324, 361.

324-இன் இலக்கக் கூட்டல் 9. வலது ஓரம் 4-இல் தொடங்குவதால் கீழ் வரிசை 134-இல் இருந்து 166-க்குள். அதற்குள் 9-ஆல் வகுபட்டு, 0 அல்லது 5-இல் முடிவது 135 ஒன்றே. வலது ஓரம் 405. முடிந்தது.

10 முதல் 31 வரை வர்க்கங்களையும், ஐந்தே ஐந்தான மூன்றிலக்கக் கனங்களையும் (125, 216, 343, 512, 729) நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழில் வரும் 'லிசனர்' என்ற கடினமான குறுக்கெழுத்துத் தொடரில் வருடத்துக்கு நான்கு முறை எண் புதிர் வரும். அதிலும் பிடி கிடைப்பது பெரும்பாலும் கடைசி இலக்கத்தில்தான், ஆனால் அந்தப் பிடியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கணினியில் நாலு வரி நிரல் எழுதினால் நொடியில் விடை வரும் என்பார்கள். வரும்தான். எனக்கென்னவோ அதற்குப் பேசாமல் விடைப் பக்கத்தைப் புரட்டிவிடலாம் என்று தோன்றும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் புதிரை முதலில் போட்டபோது இடது ஓரம் "சிறிய வர்க்க எண்" என்று எழுதியிருந்தேன். என் விடை 144, 121, 405, 135. மகள் அரைமணி நேரம் கழித்து 484, 441, 480, 160 என்று கொண்டுவந்தாள். தப்பு என்று சொல்லி அடிக்கப் போனேன். "எந்தக் குறிப்புப்பா தப்பு?" என்றாள். நான்கையும் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது. அப்புறம்தான் "சிறிய" என்பதை அடித்துவிட்டுப் "பெரிய" என்று எழுதினேன்.