கணினியில் ஓதக் கணிப்பு: நிலையப் பட்டியல் பற்றிய கேள்வி பதில்

எக்ஸ்டைட், ஓப்பன்சிபிஎன் ஆகிய மென்பொருள்களைக் கொண்டு கடல் ஓதத்தை, அதாவது கரையில் நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை, கணிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நிறுவும் முறை பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை; அவற்றுக்கு அந்தந்த மென்பொருளின் கையேடே போதும். இந்த மென்பொருள்கள் கணக்கில் தவறுவது மிக அரிது. பயனர் தவறான நிலையத்தையோ, தவறான நேர மண்டலத்தையோ, தவறான அடிமட்டத்தையோ (உயரத்தை அளக்கத் தொடங்கும் சுழிய மட்டம்) எடுத்துக்கொள்வதுதான் அன்றாடம் நடப்பது. ஆகவே எந்த நிலையத்தைத் தேர்ந்தாலும் முதலில் அதன் விவரப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

சான் ஹோசே வாசகர்: எக்ஸ்டைடின் பட்டியலில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் மட்டும் பல பெயர்கள் வருகின்றன. சிலவற்றுக்கு எதிரே 'ரெஃப்' என்றும் சிலவற்றுக்கு எதிரே 'சப்' என்றும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: 'ரெஃப்' என்பது மூல நிலையம். அங்கே நீர்மட்டத்தை நெடுங்காலம் அளந்து, அந்தப் பதிவிலிருந்து எம்2, எஸ்2, கே1, ஓ1 முதலிய ஓதக்கூறுகள் (ஓதத்தை உருவாக்கும் தனித்தனி அலைகள்) ஒவ்வொன்றின் வீச்சையும் (உயரத்தில் அதன் பங்கு) கட்டத்தையும் (அது உச்சத்துக்கு வரும் நேரம்) பிரித்தெடுத்து வைத்திருப்பார்கள்; இவையே மாறிலிகள். சான் பிரான்சிஸ்கோவில் 1854 முதல் இடைவிடாமல் அளவு எடுக்கப்படுகிறது என்பதால் அதன் மாறிலிகளைத் தயங்காமல் நம்பலாம். 'சப்' என்பது சார்பு நிலையம். அதற்குச் சொந்த மாறிலிகள் கிடையாது. மூல நிலையத்தில் ஏற்றமும் இறக்கமும் வரும் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டு, உயரத்தை இத்தனையால் பெருக்கு என்ற திருத்தங்கள் மட்டுமே உண்டு.

இதனால் மூல நிலையமே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விரிகுடாவின் வாயான கோல்டன் கேட்டில் ஒரு நாளின் பெரிய ஏற்றத்துக்கும் பெரிய இறக்கத்துக்கும் இடையிலான சராசரி வித்தியாசம் சுமார் 1.8 மீட்டர். அதே ஏற்றம் விரிகுடாவின் தென்கோடிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது; அங்கே வித்தியாசம் இரண்டரை மீட்டரைத் தாண்டுகிறது. தென்கோடிச் சதுப்பில் நடக்கப் போகிறவர் கோல்டன் கேட் கணிப்பை நம்பினால் நேரமும் தவறும், உயரமும் தவறும். அவருக்கு அங்கேயே உள்ள சார்பு நிலையம்தான் சரி. நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்து நிலையத்தைத் தேடுவதும் கூடாது. விரிகுடாவை ஒட்டிய பாலோ ஆல்டோவிலிருந்து பசிபிக் கரை அதிகத் தொலைவில்லை, ஆனால் இடையில் மலை நிற்கிறது. நீர் எந்த வழியாக உங்கள் இடத்துக்கு வருகிறதோ, அந்த வழியில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை வாசகர்: பட்டியல் முழுவதும் தேடியும் சென்னை இல்லை. மதராஸ் என்று தேடினாலும் இல்லை. ஏன்?

பதில்: எக்ஸ்டைடுக்கான இலவச மாறிலிக் கோப்பு அமெரிக்க அரசு நிறுவனமான நோவா வெளியிடும் மாறிலிகளிலிருந்து தயாரிக்கப்படுவது. அவை பொதுச் சொத்து என்பதால் எவரும் பகிரலாம். ஆகவே பெரும்பாலும் அமெரிக்கக் கரைகளும் அதன் ஆட்சிப் பகுதிகளுமே அதில் உண்டு. இந்தியத் துறைமுகங்களுக்கான ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சென்னைக்கு அதையே பார்க்கவும். மாறிலிகளை நீங்களே உருவாக்கும் வழியும் உண்டு. கொழும்பு வாசகருக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

நியூ ஜெர்சி வாசகர்: சாண்டி ஹூக் இரண்டு முறை வருகிறது. கணிப்புகளில் சிறு வேறுபாடும் இருக்கிறது.

பதில்: பழைய மாறிலிக் கோப்பையும் புதியதையும் ஒரே தேடல் பாதையில் வைத்திருக்கிறீர்கள். மென்பொருள் இரண்டின் பட்டியலையும் சேர்த்தே காட்டும். பழையதை அகற்றிவிடுங்கள்.

சியாட்டில் வாசகர்: சில நாட்களில் தாழ்நீர் மைனஸ் இரண்டு அடி என்று வருகிறது. கடல் எப்படிச் சுழியத்துக்குக் கீழே போகும்?

பதில்: அந்தச் சுழியம் கடலின் அடியும் அல்ல, சராசரிக் கடல்மட்டமும் அல்ல. ஒவ்வொரு நாளிலும் வரும் தாழ்நீர்களில் மிகத் தாழ்ந்ததை மட்டும் எடுத்து, 1983 முதல் 2001 வரையிலான காலத்துக்குச் சராசரி கண்டு, அந்த மட்டத்தையே அமெரிக்காவில் அடிமட்டமாக வைத்திருக்கிறார்கள். சராசரி என்றால் அதற்குக் கீழே போகும் நாட்களும் இருக்கத்தானே செய்யும்? பிரிட்டனில் வானியல் காரணங்களால் வரக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தையே அடிமட்டமாகக் கொள்வதால் அங்கே மைனஸ் அரிது. கடல் வரைபடத்தின் ஆழத்தோடு ஓத உயரத்தைக் கூட்டுமுன், இரண்டும் ஒரே அடிமட்டத்தில் எழுதப்பட்டவைதானா என்று விவரப் பக்கத்தில் சரிபாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். அமாவாசை, பௌர்ணமியில் ஓதம் பெரிது, அட்டமியில் சிறிது. பஞ்சாங்கம் இதைச் சொல்லிவிடுகிறது. முப்பத்தேழு ஓதக்கூறுகளும் ஒரு கணினியும் எதற்கு?

பதில்: இன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எம்2 என்ற சந்திரக் கூறு 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறையும் எஸ்2 என்ற சூரியக் கூறு சரியாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறையும் வருகின்றன. இரண்டும் 14.77 நாளுக்கு ஒருமுறை ஒன்றோடொன்று சேர்கின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையிலான காலமும் அதுவே. ஆகவே இவ்விரு கூறுகளும் ஓங்கி நிற்கும் கரைகளில் உங்கள் திதிக் கணக்கு பலிக்கிறது. தமிழகக் கரை அப்படிப்பட்டதுதான்.

ஆனால் எல்லாக் கரைகளும் அப்படியல்ல. நாளொன்றுக்கு ஒருமுறை வரும் கே1, ஓ1 என்ற கூறுகளின் காலம் முறையே 23.93 மணி, 25.82 மணி. இவை 13.66 நாளுக்கு ஒருமுறை சேர்கின்றன. அந்தச் சேர்க்கை சந்திரனின் பிறையைப் பொறுத்தது அல்ல. சந்திரன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. புளோரிடாவின் பென்சகோலாவில் இவைதான் ஓங்கியவை. அங்கே பெரும்பாலான நாட்களில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். சந்திரன் நடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில், அது பௌர்ணமியாகவே இருந்தாலும், ஓதம் ஏறக்குறைய அடங்கிவிடும். பசிபிக் தீவான தாஹித்தியில் இன்னொரு விந்தை: சந்திரக் கூறு அங்கே மிகச் சிறியது, ஆகவே சூரியக் கூறு வெல்கிறது; எந்தத் திதியானாலும் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் ஏற்றம்.

ஓர் இடம் எந்த வகை என்று அறிய, கே1, ஓ1 வீச்சுகளின் கூட்டுத்தொகையை எம்2, எஸ்2 வீச்சுகளின் கூட்டுத்தொகையால் வகுக்கவும். விடை 0.25-க்குக் கீழே என்றால் நாளுக்கு இரண்டு ஏற்றம்; 3-க்கு மேல் என்றால் ஒன்று; இடைப்பட்டவை கலப்பு. சான் பிரான்சிஸ்கோவுக்கு இது சுமார் 0.85.

தூத்துக்குடி வாசகர் மீண்டும்: பென்சகோலாவில் எங்களுக்கு என்ன வேலை? எங்கள் கடலுக்குத் திதி போதும்.

பதில்: எந்த நாளில் பெரிய ஓதம் என்று அறிய, ஏறத்தாழப் போதும். ஆனால் பல கரைகளில் பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமி அன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி வருகிறது. சந்திரன் பூமிக்கு அருகில் வந்து போவது 27.55 நாள் சுழற்சி; அதைத் திதி காட்டாது என்பதால் இந்தப் பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் உயரம் ஒன்றாக இராது. சென்னைக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் சராசரி நீர்மட்டமே உயர்ந்து நிற்கும். அதுவும் திதியில் இல்லை. மேலும், இத்தனை மணிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று பஞ்சாங்கம் சொல்லாது. ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் படகைத் திருப்புகிறவருக்கு வேண்டியது அந்தச் சென்டிமீட்டர்தான்.

ஹூஸ்டன் வாசகர்: நான் டெக்சாஸ் கரையிலுள்ள கால்வெஸ்டனில் திதி பார்த்து மீன்பிடிக்கப் போய் ஏமாந்தவன். பதிலளிப்பவர் பக்கமே நியாயம்.

பதில்: ஆதரவுக்கு நன்றி, ஆனால் கால்வெஸ்டனைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம். அங்கே ஓதமே சிறிது. குளிர்காலத்து வாடைக்காற்று விரிகுடாவிலிருந்து நீரை வெளியே தள்ளிவிட்டால் மென்பொருளும் உங்களோடு சேர்ந்து ஏமாறும்.

பெயர் தராத ஒருவர்: அப்படியானால் பஞ்சாங்கம் பொய் என்கிறீர்களா?

பதில்: அப்படி ஒரு வரியும் நான் எழுதவில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத்தைத்தான் திதி சொல்கிறது. ஓதத்தைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் அது ஒன்று. மற்றவற்றையும் சேர்ப்பதற்காகத்தான் 1910-இல் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறை முப்பத்தேழு கூறுகளைப் பல்சக்கரங்களாலும் கப்பிகளாலும் கூட்டும் பித்தளை எந்திரம் ஒன்றை முடித்தது. 1965 வரை அதுவே அட்டவணைகளைக் கணித்தது. உங்கள் கணினி செய்வதும் அதே கூட்டல். இத்துடன் இந்த விவாதத்தை முடித்துக்கொள்வோம்.

நாகப்பட்டினம் வாசகர்: எக்ஸ்டைடில் நாகப்பட்டினம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. சென்னை வாசகருக்கான பதிலே உங்களுக்கும்.

கொழும்பு வாசகர்: கொழும்புக்கு நானே மாறிலிகளை உருவாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கடல்மட்ட மையம் கொழும்பு உள்ளிட்ட பல துறைமுகங்களின் மணிக்கணக்கான பதிவுகளை இலவசமாகத் தருகிறது. மாதச் சராசரிப் பதிவுகளை எடுத்துவிடாதீர்கள். சராசரி காணும்போதே ஓதம் மறைந்துவிடுகிறது. கிடைத்த பதிவை யூடைட் போன்ற பகுப்பாய்வு நிரலுக்குக் கொடுங்கள். எம்2-வையும் எஸ்2-வையும் பிரிக்கக் குறைந்தது 15 நாள் பதிவு வேண்டும். எம்2-விலிருந்து என்2 என்ற இன்னொரு கூறைப் பிரிக்க 28 நாள். எஸ்2-விலிருந்து கே2 என்ற கூறையும் கே1-இலிருந்து பி1 என்ற கூறையும் பிரிக்க 183 நாள். ஓர் ஆண்டுக்குக் குறைந்த பதிவை வைத்து வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பருவகால ஏற்றத்தாழ்வு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பல ஆண்டுப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது.

நேர மண்டலத்தில் உங்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. இலங்கை 1996-இல் கடிகாரத்தை இரண்டு முறை மாற்றி, உலக நேரத்தோடு ஆறு மணி வித்தியாசத்தில் நின்று, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. உள்ளூர் நேரத்தில் எழுதப்பட்ட பதிவு கைக்கு வந்து, இதை மறந்து பகுத்தால், அரை மணிப் பிழை எம்2-வின் கட்டத்தில் 14.5 பாகையாக வந்து உட்காரும். இரு காலங்களின் பதிவையும் கலந்தால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத மாறிலி கிடைக்கும். எல்லாவற்றையும் உலக நேரத்துக்கு மாற்றிய பிறகே பகுப்பாய்வில் இறங்குங்கள்.

துபாய் வாசகர்: ஓப்பன்சிபிஎன்-இன் ஐடிஎக்ஸ் பட்டியல் கோப்பில் சென்னைக்கு ஒரு வரி சேர்த்தேன். வரைபடத்தில் அது வடதுருவத்துக்கு அருகில் நிற்கிறது.

பதில்: அந்தக் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பின்னர். நீங்கள் மாற்றி எழுதியதால் சென்னை ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே போய்விட்டது. வரியின் முதல் எழுத்தையும் பாருங்கள்: பெரிய 'டி' (T) மூல நிலையம், சிறிய 'டி' (t) சார்பு நிலையம், 'சி' (C) நீரோட்டம். பெரிய 'டி' போட்டால் அதே பெயரில் மாறிலிகளும் மாறிலிக் கோப்பில் இருக்க வேண்டும்.

புதுச்சேரி வாசகர்: புதுச்சேரி ஏன் பட்டியலில் இல்லை?

பதில்: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

நியூயார்க் வாசகர்: புயல் வரும்போது எக்ஸ்டைட் காட்டும் உயரத்தை நம்பலாமா?

பதில்: கூடாது. அது சந்திரனையும் சூரியனையும் மட்டுமே அறியும். காற்றும் காற்றழுத்தமும் அதற்குத் தெரியாது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலின்போது மன்ஹாட்டன் முனையில் நீர் அடிமட்டத்துக்கு மேல் 14.06 அடி உயர்ந்தது. அதில் சுமார் 9.4 அடி புயலின் பங்கு. மென்பொருளை மட்டும் பார்த்திருந்தவருக்கு ஐந்து அடிக்கும் குறைவான ஓர் எளிய ஏற்றமே தெரிந்திருக்கும். புயல் நாளில் வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கேளுங்கள்.

சான் ஹோசே வாசகர் மீண்டும்: கோல்டன் கேட் வழியாகத் துடுப்புப் படகில் போக, தாழ்நீர் நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. ஓட்டம் நிற்கும் நேரம் வேறு, நீர்மட்டம் திரும்பும் நேரம் வேறு. அங்கே இரண்டுக்கும் இடையில் கணிசமான இடைவெளி உண்டு. பட்டியலில் பெயரோடு 'கரண்ட்' என்று சேர்த்து எழுதப்பட்ட நீரோட்ட நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அது அடியில் அல்லாமல் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அளவில் விடை தரும். நேரக்குறி கோடைகால நேரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.