எரிசக்தி, சுற்றுச்சூழல், வேலை மூன்றையும் சேர்த்து ஆராயும் பொருளாதாரப் பேராசிரியராக வாழ முடியுமா?

முதுகலை முடித்த கையோடு, "ஏதாவது ஒன்றை மட்டும் எடு" என்று நெறியாளர் சொன்னதால் குழம்பிக் கேட்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். முடியும். மூன்றையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

முனைவர் பட்டக் களப்பணிக்காக 1998இல் வாணியம்பாடிக்கு அருகே பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருந்த காலம். ஆலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டுப்போன விவசாயிகளின் இழப்பைக் கணக்கிடுவதே என் நோக்கம். அதற்கு நீர் இறைக்க ஆகும் மின்சாரமும் தெரிய வேண்டும்; இலவச மின்சாரம் என்பதால் பம்புசெட்டுக்கு மீட்டர் கிடையாது. ஆகவே மும்முனை மின்சாரம் வரும் நேரமெல்லாம் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 3.7 யூனிட் என்று குறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிணற்றுக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றிச் சோப்பைக் கொடுத்தார். எவ்வளவு தேய்த்தும் நுரைக்கவில்லை. வெள்ளையாகத் திப்பி திப்பியாகக் கையில் ஒட்டியது. "இதையும் எழுதிக்க தம்பி. ஆனா டேனரிய மூடணும்னு மட்டும் எழுதிடாத, எம் பெரிய பையன் அங்கதான் வேலைக்குப் போறான்" என்றார்.

தகப்பனின் இழப்பு, மகனின் கூலி, நல்ல தண்ணீருக்காக மருமகள் தினமும் குடத்தோடு நடக்கும் காலை நேரம், மூன்றும் ஒரே வீட்டுக் கணக்கில் இருந்தன. கூலியையும் அந்த நடையையும் தனி அத்தியாயமாக எழுதினேன். அது சூழல் ஆய்வுக்குத் தொடர்பற்றது என்று புறத்தேர்வாளர் திருப்பி அனுப்பியதால், ஒன்றரை ஆண்டு வீணாகி, கடைசியில் அதை நீக்கித்தான் பட்டம் பெற்றேன். அந்த மனக்குறை இன்றும் ஆறவில்லை.

ஆலை முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் சிக்கி இறந்தார்கள். மாசை நிலத்தோடும் நீரோடும் நிறுத்திக்கொள்ளும் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை.

அன்றைய வட ஆற்காட்டின் ஆரணியில் 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த பொருளாதார ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட், பிற்காலத்தில் தம் குழுவினருடன் நெல் உற்பத்தி வெளியிடும், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களையும் அது தரும் வேலைகளையும் சேர்த்தே ஆராய்ந்தார். என் சிறு முயற்சியோடு ஒப்பிட முடியாத பெரும்பணி அது; முதலில் அதைப் படியுங்கள். நீக்கப்பட்ட என் அத்தியாயமும் கள வினாப் பட்டியலும் பத்திரமாக உள்ளன. வேண்டுமானால் நகலெடுத்துத் தருகிறேன்.