திரைக்கதை அமைப்புக்கும் ஜானருக்கும் (த்ரில்லர், காதல், நகைச்சுவை போன்ற பட வகை) என்ன தொடர்பு? படம் பார்க்கும்போது இதை எப்படிக் கவனிப்பது?

ட்விஸ்ட், க்ளைமாக்ஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதை.

ஒரு வீட்டில் கொலை நடக்கிறது. கொன்றது யார் என்று கடைசியில்தான் சொல்கிறார்கள் என்றால் அது துப்பறியும் படம். கொலைகாரனை முதலிலேயே காட்டிவிட்டு, அவன் செத்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கவைத்தால் த்ரில்லர். தான் கொன்றது யாரை என்பதே கொன்றவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது என்றால் அது சோக நாடகம். சம்பவம் மூன்றிலும் ஒன்றுதான். சொல்லும் வரிசை மாறியதும் ஜானரும் மாறிவிட்டது.

எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) நல்ல உதாரணம். தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி பிணம். பிறகு ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லத்தான் அந்த மனிதன் யார் என்று துண்டு துண்டாகத் தெரிகிறது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லியிருந்தால் அது கணவன் மனைவி கதையாகப் போயிருக்கும். (இதற்கு மேல் பேசினால் முடிவு வெளிவந்துவிடும்; பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள்.) பாட்டே இல்லாமல் எடுத்ததும் இதற்குப் பொருந்துகிறது. விசாரணை நடுவே பாட்டு வந்தால் சந்தேகம் ஆறிப்போகும்.

ஜானர் என்பது பார்வையாளரோடு போடும் ஒப்பந்தம்தான். அதை மீறவும் செய்யலாம், ஆனால் முதலில் நம்மை நம்பவைக்க வேண்டும். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) ஒரு பெண் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் கதையாக ஆரம்பிக்கிறது. மாட்டுவாளா, தப்பிப்பாளா என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பாதிப் படம்கூடத் தாண்டாமல் அவளே கொல்லப்படுகிறாள். திருட்டுக் கதையை நாம் முழுசாக நம்பியிருந்ததால்தான் அந்த அடி அப்படி விழுகிறது. படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளிடம் அடம்பிடித்ததற்கும் இதுவே காரணம். தாமதமாக வருகிறவர் கதாநாயகி எப்போது வருவாள் என்று கடைசிவரை காத்திருப்பார்!

கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று பிரிக்கும் மூன்று அங்கக் கணக்கு? திரைக்கதை எழுதக் கற்றுக்கொடுத்த சிட் ஃபீல்டின் 1979ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பிரபலமானது. எழுதுகிறவருக்கு உதவும். பார்க்கிறவருக்கு அவ்வளவாக இல்லை என்பது என் கருத்து; எந்தப் படத்தையும் மூன்றாக வெட்டிவிடலாம், வெட்டியதாலேயே எதுவும் விளங்கிவிடாது.

பழக வேண்டுமானால், ஏற்கெனவே பார்த்த ஒரு படத்தைத் திரும்பப் போடுங்கள். காட்சி முடிய முடிய நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள்: இந்த இடத்தில் பாத்திரத்தைவிட எனக்கு அதிகம் தெரியுமா, குறைவாகத் தெரியுமா, சமமாகவா? காதல் நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலும் ‘அதிகம்’ என்றே வரும். இருவரும் சேரப்போவது அவர்களுக்கு முன்பே நமக்குத் தெரியும். துப்பறியும் படங்களில் ‘குறைவு’, அல்லது துப்பறிபவரோடு ‘சமம்’. ‘சமம்’ என்றே வந்துகொண்டிருந்த படத்தில் திடீரென்று ‘அதிகம்’ என்று எழுத நேர்ந்தால் அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இயக்குநர் ஜானரை மாற்றிய இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.