கேள்வி பதில்: பொம்பேயி பார்க்கப் போகும் அம்மாவுக்கு

கேள்வி: சுவிஸிலுள்ள மகனிடம் ஓகஸ்டில் போகிறேன். இத்தாலியிலுள்ள பழைய ரோம நகரம் பொம்பேயிக்கும் கூட்டிப்போகிறாராம். தனி விசா வேணுமா? முழங்கால் நோ உண்டு, நடக்க ஏலுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: சுவிஸ் தூதரகம் தருவது செங்கன் விசா என்றால் இத்தாலிக்கும் அதுவே போதும். பொம்பேயி நுழைவு டிக்கெட்டில் பெயர் அடிப்பார்கள். கடவுச்சீட்டிலுள்ள எழுத்துப்படியே மகன் பதியட்டும். ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, முன்கூட்டியே எடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் அன்று திருவிழாக் கூட்டம்.

நாப்போலியில் சொரெந்தோ போகும் ரயிலில் ஏறி, 'பொம்பேயி ஸ்காவி' நிலையத்தில் இறங்குங்கள். வெறும் 'பொம்பேயி' என்ற பெயரைக் கண்டு இறங்குகிறவர்கள் புதிய ஊருக்குள் நிற்பார்கள். 30 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள்.

முழங்காலுக்குச் சோதனை தெருக்கள்தான். பெரிய எரிமலைக் கற்கள் பாவியவை, வண்டிச் சில்லுகள் அரைத்த தடம் ஆழமாகக் கிடக்கும். தெருவைக் கடக்க உயர்ந்த கற்கள் நடுவே நிற்கும். சில்லு போக இடைவெளி விட்டு வைத்தவை. அவற்றில் ஏறாமல் நடைபாதையோடு போங்கள். செருப்பு வேண்டாம், அடி தடித்த சப்பாத்துப் போடுங்கள்.

வன்னி வெயில் பழகின உடம்புதானே என்று நினைக்காதீர்கள். அங்கே ஒதுங்க ஒரு பாலை மர நிழல்கூட இராது, கல்லும் சூட்டைத் திருப்பியடிக்கும். காலையில் கதவு திறக்கும்போதே நுழையுங்கள். போத்தல் கொண்டுபோனால் தெருவோரக் குழாய்களில் குடிதண்ணீர் நிரப்பலாம். முழுவதையும் பார்க்க நினைக்காமல் சந்தைவெளி, குளியல்கூடம், வெதுப்பகம் மூன்றோடு திரும்புங்கள்.